தேவதூதர் பின்னலும் பதினாறு எழுத்தும்

1180களில் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஜெரால்டு என்னும் சமயக் குரு அயர்லாந்து நாட்டைக் கண்டு வந்து, அந்நாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கில்டேர் என்னும் ஊரில் தமக்குக் காட்டப்பட்ட ஒரு நற்செய்தி ஏட்டைப் பற்றி அதில் வியந்து கூறுகிறார். அவ்வேட்டின் ஓவியங்களை ஏனோதானோவென்று பார்ப்பவர்க்கு அவை வெறும் கிறுக்கலாகவே தோன்றும் என்றும், உற்று நோக்குபவர்க்கோ அவற்றின் முடிச்சும் பின்னலும் மனிதர் கை செய்தவை அல்ல, தேவதூதர் செய்தவை என்றே படும் என்றும் அவர் கருதினார்.

அவர் வியந்த அதே வகைப் பின்னலை இன்று பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கணினியின் விசைப்பலகையில் சில எழுத்துகளைத் தட்டி அமைத்துவிடுகிறான். அதற்கென்றே செய்யப்பட்ட அலங்கார எழுத்துருக்கள் உள்ளன. அவற்றில் ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்து வருவதில்லை. பின்னலின் ஒரு துண்டு வருகிறது. துண்டுகள் அடுத்தடுத்து நிற்கும்போது இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, மேலும் கீழுமாக நெளிந்து, முடிவில்லாத முடிச்சாகிவிடுகின்றன. இதைக் கண்ட சிலர், "கலை மலிந்துவிட்டது, இயந்திரம் செய்வதில் என்ன திறமை இருக்கிறது?" என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த எழுத்துரு எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்த பிறகே அதற்கு விடை கூற முடியும். அதனை ஈண்டுக் காண்போம்.

ஏடுகளும் கற்களும்

இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும் பின்னல் அலங்காரம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உரோமானியர் வீட்டுத் தரைகளில் பதித்த வண்ணக்கல் சித்திரங்களிலேயே அதனைக் காணலாம். எனினும் அதனை உச்சநிலைக்குக் கொண்டு சென்றவர்கள் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்து ஆகிய பகுதிகளின் துறவி மடங்களில் வாழ்ந்த எழுத்தர்களே. லிண்டிஸ்பார்ன் தீவில் கி.பி. 700ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதப்பட்ட நற்செய்தி ஏடு இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. கி.பி. 800ஐ ஒட்டி எழுதப்பட்ட கெல்ஸ் ஏடு டப்ளின் நகரில் டிரினிட்டி கல்லூரியில் பாதுகாக்கப்படுகிறது. ஸ்காட்லாந்தில் அபர்லெம்னோ போன்ற ஊர்களில் இதே பின்னல் ஆளுயரக் கற்களில் செதுக்கப்பட்டு நிற்கிறது.

இவற்றைச் செய்தவர்கள் தம் முறையை விளக்கி நூல் எதுவும் விட்டுச் செல்லவில்லை. ஆனால் தடயம் விட்டுச் சென்றனர். லிண்டிஸ்பார்ன் ஏட்டின் அலங்காரப் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தால், பின்புறத்தில் ஊசிக் குத்துகளும் கவராயத் தடங்களும் கட்டக் கோடுகளும் தெரிகின்றன. தேவதூதர் கட்டம் போட்டுக்கொண்டு வரைய மாட்டார்கள். கணக்குப் பார்த்து வரைந்தவர் மனிதரே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அம்முறையை மீண்டும் கண்டறிய நெடுங்காலம் பிடித்தது. பொறியியல் பயின்ற ரோமில்லி ஆலன் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் ஸ்காட்லாந்தின் பழைய கற்களை ஆராய்ந்து 1903இல் வெளிவந்த பெருநூலில் பின்னல்களை வகைப்படுத்தினார். எத்துணைச் சிக்கலான முடிச்சும் அடிப்படையில் ஓர் எளிய பாய்ப்பின்னலே. அதில் ஆங்காங்கே இழைகளை அறுத்து வேறு வகையாக ஒட்டுவதனாலேயே புதுப்புது முடிச்சுகள் பிறக்கின்றன என்பது அவர் கண்ட உண்மை. பின்னர் ஜார்ஜ் பெயின் என்பவர் இப்பின்னல்களை வரையும் முறையைப் படிப்படியாக விளக்கி 1951இல் ஒரு நூல் வெளியிட்டார். பெயின் யார்? ஸ்காட்லாந்தில் கெர்க்கால்டி என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். மறைந்திருந்த கலை ஒரு பள்ளி ஆசிரியரின் கரும்பலகைக்கு வந்த பிறகே பொதுமக்கள் கைக்கு வந்தது என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

துண்டு துண்டாக அச்சிடுதல்

அலங்காரத்தைத் துண்டுகளாக்கி எழுத்தைப்போல் அடுக்குவதும் புதியதன்று. பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு எழுத்து வார்ப்பாளர் ராபர்ட் கிரான்ஜோன் கொடிகளும் சுருள்களும் கொண்ட சிறு ஈயத் துண்டுகளைச் செதுக்கி வார்த்தார். அவற்றைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் பக்கத்தைச் சுற்றிப் பூவேலைக் கரை அமையும். கை அச்சுக் கோத்த காலத்தில் நம் திருமண அழைப்பிதழ்களின் ஓரத்தில் கொடிக் கரை அமைந்ததும் இவ்வாறே. இன்றைய கணினி எழுத்துருவில் ஈயம் இல்லை, கருத்து அதுவே.

ஆயினும் பூவேலைக்கும் பின்னலுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. பூக்கள் அடுத்தடுத்து நின்றாலே போதும். பின்னலில் ஒரு துண்டின் இழை அடுத்த துண்டின் இழையோடு பிசகாமல் சேர வேண்டும். மேலே சென்ற இழை அடுத்த கடப்பில் கீழே செல்ல வேண்டும். எங்கும் அறுந்த முனை தெரியக் கூடாது. இத்தனைக்கும் எத்தனை துண்டுகள் தேவைப்படும்? நூறா, ஆயிரமா? பதினாறே போதும். எவ்வாறு என்று பார்ப்போம்.

நான்கு வாயில்கள்

ஒரு சதுரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் நடுவில் ஒரு புள்ளி. நான்கு பக்கங்களின் நடுவிடத்திலும் ஒவ்வொரு வாயில். புள்ளியைச் சுற்றி ஓர் இழை செல்கிறது. ஒரு வாயில் திறந்திருந்தால் அப்பக்கத்தில் இழை நீண்டு வாயில்வரை சென்று, அடுத்த சதுரத்தின் இழையைக் கடந்து அந்தச் சதுரத்துக்குள் போகும். அங்குள்ளது இங்கு வரும். வாயில் மூடியிருந்தால் இழை அதனைத் தொடாமல் உள்வாங்கி வளைந்துவிடும். முறை இவ்வளவே.

ஒவ்வொரு வாயிலும் திறந்திருக்கலாம் அல்லது மூடியிருக்கலாம். ஆகவே நான்கு வாயில்களுக்கு இரண்டை நான்கு முறை பெருக்க, 16 வகைச் சதுரங்கள் கிடைக்கின்றன. எல்லாம் மூடியிருந்தால் ஒரு வட்டம், அது 1. ஒன்று மட்டும் திறந்திருந்தால் நீர்த்துளி வடிவம். திசைக்கு ஒன்றாக அது 4. எதிரெதிரே இரண்டு திறந்தால் கண் போன்ற வடிவம், அது 2. அடுத்தடுத்த இரண்டு திறந்தால் 4. மூன்று திறந்தால் 4. நான்கும் திறந்தால் சாய்சதுரம், அது 1. கூட்டிப் பாருங்கள்: பதினாறு. கையில் அட்டையாக இருந்தால் ஒன்றைத் திருப்பி வைத்து வேறொன்றாகப் பயன்படுத்தலாம்; அப்போது ஆறு வடிவங்களே தேவை. விசையைத் தட்டும்போது திருப்ப இயலாதாகையால் எழுத்துருவில் பதினாறும் வேண்டும்.

இவற்றுக்குப் பெயரிடுவதும் எளிது. மேல் வாயிலுக்கு 1, வலத்துக்கு 2, கீழ் வாயிலுக்கு 4, இடத்துக்கு 8 என மதிப்பு வையுங்கள். திறந்த வாயில்களின் மதிப்பைக் கூட்டினால் அதுவே அச்சதுரத்தின் எண். வலமும் கீழும் திறந்த சதுரம் 6. நான்கும் திறந்தது 15. எல்லாம் மூடியது 0. ஒன்றின் எண் மற்றொன்றுக்கு வாராது. எழுத்துரு செய்பவர் இவ்வெண்களுக்குப் பதில் ஆளுக்கொரு விசையை ஒதுக்கிவிடுகிறார்.

சேர்க்கும் விதிகள் இரண்டே. அண்டைச் சதுரங்கள் தம் பொது வாயிலில் ஒத்துப்போக வேண்டும். இங்கே திறந்திருந்தால் அங்கும் திறந்திருக்க வேண்டும். வெளி ஓரத்து வாயில்கள் யாவும் மூடியிருக்க வேண்டும். இவ்விரண்டையும் காத்தால் எந்த உருவத்திலும் அறுந்த முனை என்பதே இராது.

வரிசைக்கு மூன்று சதுரமாக ஒரே வரிசை அமைப்போம்: 2, 10, 8. இது ஒரு சிறு சங்கிலி. மூன்றுக்கு மூன்றாகப் பெரிய கட்டம் வேண்டுமானால்,

6 14 12
7 15 13
3 11 9

என்று அமைய வேண்டும். உள்ளே எல்லா வாயில்களும் திறந்து, ஓரங்கள் மூடியிருப்பதை வாசகர்கள் கூட்டிச் சரிபார்க்கலாம்.

மேலா, கீழா?

இழை ஒரு கடப்பில் மேலும் அடுத்ததில் கீழுமாகச் செல்வது எப்படி உறுதியாகிறது? இதற்கும் ஒரு சிறு விதி போதும். இரு சதுரங்கள் பக்கவாட்டில் சேரும் வாயிலில், இடப்புறக் கீழிருந்து வலப்புற மேலாக ஏறும் இழையை மேலே வையுங்கள். மேலும் கீழுமாகச் சேரும் வாயிலில், இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாக இறங்கும் இழையை மேலே வையுங்கள்.

நேராகச் செல்லும் ஓர் இழை பக்க வாயிலையும் மேல்கீழ் வாயிலையும் மாறி மாறிச் சந்திக்கும். ஆகவே தானாகவே ஒரு முறை மேலும் ஒரு முறை கீழுமாகச் செல்லும். மூடிய வாயிலில் ஒரு கடப்பு தவறிவிடுமே என்று ஐயுறலாம். அங்கே இழை வளைந்து தன் சாய்வை மாற்றிக்கொள்கிறது, ஏறியது இறங்குகிறது. தவறிய ஒன்றை அம்மாற்றம் ஈடு செய்துவிடுவதால் முறை குலைவதில்லை. இந்த விதியைத் துண்டுகளிலேயே வரைந்து வைத்துவிட்டால், தட்டுபவர் அதனை நினைவில் வைத்திருக்கவே வேண்டியதில்லை.

ஒரே இழையா, பல இழையா?

இப்போது சுவையான பகுதிக்கு வருகிறோம். மேலே கண்ட ஒன்பது சதுரப் பின்னலில் விரலை வைத்து ஓர் இழையைத் தொடர்ந்தால், எல்லா இடத்துக்கும் போகாமலேயே புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடுவீர்கள். அதில் இருப்பவை மூன்று தனி வளையங்கள். எல்லா உள்வாயிலும் திறந்த நீள்சதுரத்தில் எத்தனை வளையங்கள் இருக்கும் என்பதைத் தொடக்கப்பள்ளிக் கணக்கைக் கொண்டே சொல்லிவிடலாம். வரிசை எண்ணிக்கை, நிரை எண்ணிக்கை ஆகிய இரண்டின் மீப்பெரு பொதுக் காரணியே விடை. மூன்றுக்கு மூன்று என்றால் 3. நான்குக்கு ஆறு என்றால் 2. மூன்றுக்கு நான்கு, ஐந்துக்கு ஏழு என்றால் 1. அதாவது ஒரே இழை எங்கும் சுற்றி வரும்.

மூன்றுக்கு மூன்றிலும் ஒரே இழை வேண்டுமா? அதற்கும் வழியுண்டு. இரு வேறு வளையங்கள் கடக்கும் ஒரு வாயிலை மூடினால், அவ்விரண்டும் இணைந்து ஒன்றாகிவிடும். ஆகவே தக்க இடத்தில் இரு வாயில்களை மூடினால் மூன்று ஒன்றாகும். முதல் வரிசையின் உள்வாயில்கள் இரண்டையும் மூடுங்கள். 6, 14, 12 என்று இருந்த வரிசை 4, 4, 4 ஆகிறது. மற்ற இரு வரிசைகளில் மாற்றமில்லை. மேலே மூன்று துளிகள் நிற்க, பன்னிரண்டு கடப்புகளில் பத்து எஞ்ச, ஓர் இழை ஒன்பது புள்ளிகளையும் சுற்றி வருவதைக் காண்பீர்கள். ஆனால் ஒரே இழை தன்னைத்தானே கடக்கும் வாயிலை மூடும்போது விழிப்பு வேண்டும். சில இடங்களில் இழை இரண்டாகப் பிரிந்துவிடும். சில இடங்களில் ஒன்றாகவே இருக்கும். எங்கே எது நேரும் என்பதைத் தொடர்ந்து பார்த்தே அறிய வேண்டும். ரோமில்லி ஆலன் சொன்ன "அறுத்து ஒட்டுதல்" இதுவே.

பழைய எழுத்தர்கள் மூன்றாவது வழியொன்றையும் கையாண்டனர். இழைகள் வாயிலில் கடவாமலும் திரும்பாமலும் இரண்டும் இணையாக அப்பால் செல்வது அது. இதனையும் சேர்த்தால் வாயிலுக்கு மூன்று நிலை. மூன்றை நான்கு முறை பெருக்க 81 துண்டுகள். சாதாரண ஆங்கில விசைப்பலகையில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி என 94 இடங்கள் இருப்பதால் இவ்வளவும் ஓர் எழுத்துருவுக்குள் அடங்கிவிடும்.

செய்து பார்ப்போருக்குச் சில குறிப்புகள்

கணினியில் முயல்வோர் வரி இடைவெளியை எழுத்தின் உயரத்துக்குச் சரியாக வைக்க வேண்டும். இல்லையேல் வரிசைகளுக்கிடையே வெண்கோடு விழுந்து இழை அறும். வாக்கியத்தின் முதல் எழுத்தைக் கணினி தானாகவே பெரிய எழுத்தாக மாற்றும் வசதியை நிறுத்திவிட வேண்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு துண்டுகளாதலால் ஓர் எழுத்து மாறினால் பின்னல் குலைந்துவிடும். நண்பருக்கு அனுப்பும்போது அவர் கணினியிலும் அதே எழுத்துரு இருக்க வேண்டும். இல்லையேல் அவர் காண்பது பொருளற்ற எழுத்துக் குவியலே.

கணினி இல்லாதோர் கவலற்க. மணிலா அட்டையைச் சம சதுரங்களாக வெட்டி, எண்ணைப் பின்புறம் எழுதி, இழையை முன்புறம் வரைந்தால் போதும். எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு நான் இவ்வாறே கற்பிக்கிறேன். பொதுக் காரணி எதற்கு உதவும் என்று கேட்கும் மாணவன், நான்குக்கு ஆறு கட்டத்தில் இரண்டு வளையம் இருக்கும் என்று வரையும் முன்பே சொல்லி, பின்பு விரலால் தொடர்ந்து சரிபார்க்கும்போது அக்கேள்வியை மறந்துவிடுகிறான்.

நம் வாசலில்

இவ்வளவு படித்த வாசகர்களுக்கு, குறிப்பாகத் தாய்மார்களுக்கு, ஓர் எண்ணம் எழுந்திருக்கும்: புள்ளி, புள்ளியைச் சுற்றும் கோடு, எங்கும் அறாத ஒரே இழை, இது நம் சிக்குக் கோலம் அன்றோ? ஆம். சிக்குக் கோலத்தில் மேல் கீழ் என்று காட்டுவதில்லை. கோடுகள் வெறுமனே கடக்கின்றன. மற்றபடி நேர்ப்புள்ளிக் கோலத்தின் கணக்கும் இதே கணக்கே. ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று எனப் புள்ளி வைத்தாலும் அதே பதினாறு சதுரங்கள் பொருந்தும்.

இதைக் கொண்டு, ஐரிஷ் துறவிகள் நம்மிடம் கற்றார்கள் என்றோ, நாம் அவர்களிடம் கற்றோம் என்றோ கூற முற்படுவது அறிவுடைமையாகாது. ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டுச் சோக்வே மக்களும் மணலில் புள்ளியிட்டு இவ்வாறே கோடு சுற்றுகின்றனர். மொசாம்பிக்கில் பணியாற்றிய கணித அறிஞர் பாலஸ் கெர்டெஸ் அவற்றையும் நம் கோலங்களையும் ஒருங்கே ஆராய்ந்து எழுதினார். புள்ளியும் கோடும் எங்கே சேர்ந்தாலும் கணக்கு ஒன்றே. ஒப்புமை வேறு, பிறப்பு வேறு. பெருமை கொள்ள வேறு காரணம் நமக்குண்டு. சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிரிதிவாசனும் 1974இல் கோலங்களுக்குக் கணித முறையில் இலக்கணம் வகுத்துக் கட்டுரை வெளியிட்டனர். உலக ஆய்வாளர் பலர் கோலத்தின்பால் திரும்பினர். வாசலில் மாவால் இட்டு, மாலைக்குள் காலடியில் அழிந்த ஒன்று அறிவியல் ஏட்டில் நிலைபெற்றது.

கலை மலிந்துவிட்டதா?

இனி, தொடக்கத்தில் கண்ட கேள்விக்கு விடை காண்போம். எழுத்துரு கையின் உழைப்பைக் குறைக்கிறது, ஐயமில்லை. கெல்ஸ் ஏட்டின் இழை ஒரு முனையில் பறவைத் தலையாகவும் மறுமுனையில் பாம்பு வாலாகவும் மாறும் கற்பனை எந்த விசையிலும் இல்லை. கோலப்பொடி விரலிடுக்கில் சீராக வழியும் நயமும் அதில் இல்லை. ஆனால் எந்த வாயிலைத் திறப்பது, எதை மூடுவது, ஒரே இழையாக வருமா, கண்ணுக்கு இனிதாக இருக்குமா என்பதை எழுத்துரு தீர்மானிப்பதில்லை, தட்டுபவரே தீர்மானிக்கிறார். தெரியாமல் தட்டினால் கிடைப்பது குப்பையே. இசைக்குச் சுரம் எழுதி வைத்ததனால் இசை மலிந்துவிடவில்லை. பாடத் தெரிந்தவருக்கே சுரம் பயன்பட்டது.

மேலும் ஒன்று. ஒரு கலையைத் தெய்வச் செயல் என்று சொல்லிக் கைகூப்புவது எளிது. அவ்வாறு சொன்ன கணமே அதனைக் கற்கும் முயற்சி நின்றுவிடுகிறது. துறவிகளின் பின்னல் எழுதி வைக்கப்படாததால், கற்களைச் சுற்றி வாழ்ந்த மக்களே அதனைச் செய்யும் வழியறியாமல் நூற்றாண்டுகள் கழிந்தன. நம் வீடுகளிலும் அந்நிலை தொடங்கிவிட்டது. தோட்டத்து லயத்தில் பாட்டி இட்ட இருபது முப்பது சிக்குக் கோலங்களில் ஒன்றேனும் பேத்திக்குத் தெரிவதில்லை. பண்டிகை நாளில் கடையில் வாங்கிய ஒட்டுக் கோலம் வாசலில் கிடக்கிறது. பாட்டியிடம் கேட்டால், "கை தானாப் போகும்" என்பாள். அவள் கை உள்ளவரை போகும், அதன் பிறகு?

மூன்றுக்கு மூன்று கோலம் ஒன்றை மேலே ஒன்பது எண்களில் எழுதினோம். ஐந்துக்கு ஐந்து கோலத்துக்கு இருபத்தைந்து எண்கள். ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் பல கோலங்கள் அடங்கும். கோடுகள் இணையாகச் செல்லும் கோலமானால் மூன்றாம் நிலைக்கும் ஒரு குறி வைத்துக்கொள்ளலாம். பள்ளி விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மூத்தவர் ஒருவரைக் கோலமிடச் சொல்லி, அருகில் அமர்ந்து, புள்ளிக்கு ஓர் எண்ணாக எழுதி வரட்டும். எழுதியதைக் கொண்டு மறுநாள் தாமே வாசலில் இட்டுப் பார்க்கட்டும். கோலம் சரியாக வந்தால் எண்கள் சரி. இழை எங்கேனும் அறுந்தால் பாட்டி உடனே சொல்லிவிடுவாள். சொல்ல அவர்கள் இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குவோமாக.